கடலுக்கடியில் ஒரு பிள்ளைச் சேதி

நான் வேலை பார்க்கும் கப்பல் இன்னும் பிறக்கவில்லை. காகிதத்திலும் கணினியிலும்தான் இருக்கிறது. அது கடலில் இறங்கும்போது நான் ஓய்வு பெற்று, முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கொல்லிமலையில் உட்கார்ந்திருப்பேன். இப்போது ஓடுகிற தாக்குதல் நீர்மூழ்கிகளுக்கு அடுத்து வரப்போகும் தலைமுறையை இன்றைக்கே திட்டமிடுகிற அலுவலகம் ஒன்றில், கடலோர நகரமொன்றில், எனக்கு வேலை. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் வேலை போய்விடும்.

இரகசியம் ஏதாவது கிடைக்குமென்று படிக்க வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயுதம், எந்திரம், வேகம் எதுவும் எங்கள் குழுவின் பொறுப்பில் இல்லை. எங்கள் பொறுப்பு மனிதர்கள். அந்த இரும்புக் குழாய்க்குள் வாரக்கணக்கில் அடைந்து கிடக்கப்போகிறவர்கள் எங்கே படுப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள், குளிப்பதற்குத் தண்ணீர் உண்டா, வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று யோசிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். பெரிய அதிகாரிகள் கூடும் கூட்டங்களில் எங்கள் பகுதி எப்போதும் கடைசியில் வரும். அதற்குள் பாதிப் பேருக்குப் பசியெடுத்திருக்கும். கட்டிலை இன்னும் நான்கு விரற்கடை நீட்டுங்கள் என்று நான் கேட்டால், என் வீட்டுக் கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி என்னைப் பார்ப்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். வந்ததை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை.

ஊரில் அது வேறு கதை. கொல்லிமலையில், திருப்புலி நாட்டில், எங்கள் காட்டுக்கு மிளகு பறிக்க வருகிறவர் ஒருவர், நான் விடுப்பில் வரும்போதெல்லாம் தவறாமல் விசாரிப்பார்.

"ஏனுங்கம்மா, கப்பல் முடிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க. இன்னும் ரொம்ப வருசம் ஆகுங்க."

"அட, ஆளு பத்தலீங்களா?"

அவரிடம் மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை. கேள்வி நியாயமானதுதான்.

என் தம்பி இப்போது ஓடும் நீர்மூழ்கி ஒன்றில் மாலுமி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கடலுக்குள் எங்கே என்ன சத்தம் வருகிறதென்று கேட்பது அவன் வேலை. சின்ன வயதில் அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் வாங்காதவனுக்கு அந்த வேலை கிடைத்ததை நினைத்து நாங்கள் சிரிக்காத நாளில்லை. ஆனால் புதுக் கப்பலில் நான் திட்டமிடுவதெல்லாம் அவனை வைத்துத்தான். மற்றவர்களுக்கு வரைபடத்தில் இருப்பது ஓர் ஆள். எனக்கு அது கால் நீட்ட இடமில்லாமல் குறுகிப் படுத்திருக்கும் என் தம்பி.

போன வருடம் கார்த்திகையில் அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத பெண். அதனால் பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். நாள் நெருங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே தம்பியின் கப்பல் புறப்பட்டுவிட்டது. புறப்பட்ட கப்பல் எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்பதெல்லாம் வீட்டாருக்குச் சொல்ல மாட்டார்கள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்கு வந்தேன்.

கடலுக்குள் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து சேதி போகும். அவனிடமிருந்து திரும்பி எதுவும் வராது. வீட்டார் சில வரிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கரையிலிருக்கும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஓர் அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு அனுப்பி வைப்பார். கப்பல் தனக்குக் குறித்த வேளையில் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து, சேதியை வாங்கிக்கொண்டு, ஓசைப்படாமல் மறுபடி கீழே போய்விடும். அந்தப் பயணத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சேதிதான் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பிள்ளை பிறந்ததும் அனுப்புவதற்கென்று பத்திரமாக வைத்திருந்தோம். தம்பிக்கும் அது தெரியும். போகும்போது அவனே அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னபோது தம்பி மனைவி மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு 'உம்' கூடத் திருப்பிச் சொல்ல முடியாதுங்களா அண்ணி?"

"முடியாது கண்ணு. வாயைத் தொறந்தா கப்பல் எங்க இருக்குதுன்னு எதிரிக்குத் தெரிஞ்சிரும்."

"நீங்க புதுசாப் போடற கப்பல்லயும் அப்படித்தானுங்களா?"

"அதுலயும் அப்படித்தான்."

அவள் இன்னொரு கிழங்கை எடுத்து உரித்து முடித்த பிறகுதான் பேசினாள். "செரிங்க. நாம சொல்றது அவருக்குப் போய்ச் சேந்தாப் போதும்."

வலி ஒரு நாள் காலையில் வந்தது. மலையிலிருந்த மருத்துவமனையில் பார்த்துவிட்டு, தலைப்பிரசவம், கீழே கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். வண்டியில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அம்மா அவள் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் காலைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாதி மலையில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வலி எனக்குத்தானுங்க அண்ணி. நீங்க ஏனுங்க இப்படி வேர்த்து ஊத்தறீங்க?"

அடிவாரத்துக் காரவள்ளி வந்து வண்டி சமதரையில் ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாயில் ஈரம் சுரந்தது. சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி. கன்னம் இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன. தொண்டையோ ஊரைக் கூட்டும் தொண்டை. இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு இதில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் வாயால் சொல்லவில்லை.

நல்ல எடை என்று நர்ஸ் சொன்னதும் அம்மா பதறிப்போய், "எங்கீங்க, எலிக்குஞ்சாட்டம் கெடக்குது" என்றாள்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. பிறந்த பிள்ளையை அப்பன் கையால் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கும்வரை, நன்றாக இருக்கிறது என்று சொந்த வாயால் சொல்ல மாட்டோம். கண் பட்டுவிடும். பிள்ளை எவ்வளவுக்கெவ்வளவு அழகோ அவ்வளவுக்கவ்வளவு வசவு. எலிக்குஞ்சு, காக்காய்க் குஞ்சு, கருவாட்டுத் துண்டு என்று ஆளுக்கொன்று சொல்லி மகிழ்வார்கள். கேட்பவர்களும் புரிந்துகொண்டு, அப்படியா, பாவம் என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மெய்யாகவே நோஞ்சானாகப் பிறந்த பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். அதற்கு மட்டும், "நல்லா இருக்குதுங்க, அழகா இருக்குதுங்க" என்று பெற்றவளைத் தேற்றுவார்கள். எங்கள் பக்கம் பிள்ளையை அழகு என்று யாராவது சொன்னால் பெற்றவள் பயந்துபோவாள்.

மறுநாள் அவள் படுத்தபடியே சொல்லச் சொல்ல, நான் கைபேசியில் தம்பிக்கான சேதியை அடித்தேன்.

"பொட்டப்புள்ள பொறந்திருக்குது. எலியாட்டம் இருக்குது. கன்னங்கரேல்னு கெடக்குது. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க மனச உட்றாதீங்க. வேலையப் பாருங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல் வலிக்கிறதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அதை ஆங்கிலத்தில் அப்படியே ஒரு சொல் கூடாமல் குறையாமல் போட்டேன்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்கன்னு ஒரு வார்த்த சேத்தட்டுமா கண்ணு?"

அவள் சிரிப்பு நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க அண்ணி. அவரு வந்து தொட்டில் போடட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

நான் நிறையப் படித்தவள். மூடநம்பிக்கை என்று ஊரில் பலரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆனால் என் சுண்டுவிரலைப் பிடித்தபடி பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. என் விரலும் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் பேச்செல்லாம் அதுதான். இந்நேரம் சேதி போயிருக்கும், இந்நேரம் படித்திருப்பான், எலிக்குஞ்சு என்றதும் சிரித்திருப்பான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "உங்கப்பனுக்குத் தெரியும் சாமி, உங்கப்பனுக்கு எல்லாந் தெரியும்" என்று அவள் பாடுவது போலச் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டிருப்பதற்கு எனக்கு அவ்வளவு இதமாக இருக்கும். விடுப்பு முடிந்து நான் கிளம்பும்போதும் பிள்ளையிடம், "போயிட்டு வாரேன் எலிக்குஞ்சு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் எங்கள் குழுவுக்கு அடுத்த கூட்டம் வந்தது. புதுக் கப்பலில் வீட்டுச் சேதிகளை எப்படிக் கையாள்வது என்பது அன்றைய பேச்சு. இப்போதைய நடைமுறையைச் சொல்வதற்காக, கரையிலிருந்து சேதிகளை அனுப்பும் அதிகாரியையே வரச் சொல்லியிருந்தார்கள். வடக்கே பனி விழும் ஊர்க்காரர். நரைத்த தலை, மென்மையான குரல்.

எல்லாச் சேதியையும் அனுப்பிவிடுவதில்லை என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். சாவு, கொடிய நோய், வீட்டில் பெரிய இழப்பு என்றால் அதைக் கரையிலேயே நிறுத்தி வைப்பார்கள். கப்பல் திரும்பிய பிறகு ஆளை உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்வார்கள். கடலுக்கடியில் இருப்பவனால் ஊருக்கு ஓடி வர முடியாது, தனியாகப் போய் அழுவதற்குக்கூட அங்கே ஒரு மூலை கிடையாது, அதனால் அவன் திரும்பும்வரை நாங்கள் சுமக்கிறோம் என்றார். பிறகு ஓர் உதாரணம் சொன்னார்.

"சில வாரங்களுக்கு முன்பு ஓர் இளம் தாயிடமிருந்து ஒன்று வந்தது. பிறந்த பெண் குழந்தைக்கு ஏதோ பெரிய குறை. எலியைப் போல இருக்கிறதாம். உடம்பு கறுத்துப்போய்விட்டதாம். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையாம். அந்த நிலையிலும் அவள் கணவனுக்கு, மனம் தளராதீர்கள், வேலையைக் கவனியுங்கள் என்று எழுதியிருக்கிறாள். நானும் பெண்ணைப் பெற்றவன். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை."

அந்த ஆங்கிலம் என் ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லும் நான் போட்டது.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வந்த வேகத்தில் அது செத்துப்போனது. பிரசவ நாள் தம்பிக்குத் தெரியும். வீட்டில் பிரசவத்துக்கென்று ஒரே ஒரு சேதி வைத்திருப்பதும் தெரியும்.

"நீங்கள் இப்படி நிறுத்தி வைப்பது மாலுமிகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

அப்படியென்றால், நாள் கடந்தும் சேதி வராமல் இத்தனை வாரமாக என் தம்பி அங்கே என்ன நினைத்துக்கொண்டிருப்பான்? காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கடல் முழுவதையும் கேட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து ஒன்றும் வராமல் உட்கார்ந்திருப்பான். எழுந்து நின்று, அவன் என் தம்பி, அந்தக் குழந்தைக்கு ஒரு குறையுமில்லை, யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கத்திவிட்டேன். பிறகு எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெளுத்துவிட்டது. என்மேல் கோபப்பட்டிருக்கலாம், சட்டம் பேசியிருக்கலாம். அதெல்லாம் செய்யாமல் ஒரு தாளை இழுத்து, இப்போதே அனுப்புகிறேன் என்று அவரே எழுதினார். ஆரோக்கியமான, அழகான பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் படித்துவிட்டு வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"இதைப் படித்தால் பிள்ளை பிழைக்காது என்று முடிவு செய்துவிடுவான். எங்கள் ஊரில் தேறாத பிள்ளையைத்தான் அழகு என்பார்கள். தொட்டில் போடுவதற்கு முன் எங்கள் வீட்டார் இப்படி எழுத மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாரோ அவனைத் தேற்றுவதற்காக எழுதியது என்று நினைப்பான். பழையதையே அனுப்புங்கள். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்."

அவர் இரண்டு சேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை என் கையால் அனுப்பச் சொல்கிறீர்கள். அவன் உடைந்துபோனால்?"

"சிரிப்பான்."

"எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

"அவன் எங்கள் வீட்டில் வளர்ந்தவன்" என்றேன். வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

நம்பினார் அந்த மனிதர். அன்று மாலையே அதை அனுப்பிவிட்டு எனக்குத் தகவல் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியாது. கப்பல் பேசாது. ஒரு 'உம்' வராதா என்று தம்பி மனைவி ஏங்கியது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அவளிடம் எதையும் சொல்லவில்லை. தொலைபேசியில், "இன்னேரம் எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சலிச்சிருப்பாருங்க அண்ணி" என்று அவள் சிரித்தபோது, ஆமாம் கண்ணு, ஆமாம் என்றேன். பேசி வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த கூட்டத்தில் எங்கள் பகுதியை முதலில் எடுத்துக்கொண்டார்கள். புதுக் கப்பலில் போகிறவன் கெட்ட சேதியைத் தனக்கு அனுப்பலாமா கூடாதா என்பதைப் புறப்படும் முன்பே தானே சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எந்தச் சேதியையும் நிறுத்துவதற்கு முன் அந்த வீட்டோடு, அவர்கள் பாஷை தெரிந்த ஒருவர் பேச வேண்டும் என்று சேர்த்தவர் அந்த நரைத்த தலை அதிகாரிதான். புதுக் கப்பல் வரும்வரை இதற்குக் காத்திருக்கப் போவதில்லை, நாளையே தொடங்குகிறேன் என்றார். கட்டில் நீளம் பற்றியும் அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

தையில் தம்பி வந்தான். நான் முன்னாலேயே மலைக்கு வந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவன் இளைத்து, வெயில் படாமல் வெளிறிப்போயிருந்தான். கேப்டனே சேதியைக் கையில் கொண்டுவந்து, உட்காரச் சொல்லி, தோளில் கை வைத்துக் கொடுத்தாராம். எலி என்று படித்ததும் இவனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சத்தம் போடக்கூடாத இடம். சட்டைக் கையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறான், பிறகு அழுதிருக்கிறான். பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துபோன கேப்டன் தன் பங்குத் தேநீரை இவனுக்குக் கொடுத்தாராம். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சேதி வாரக்கணக்காகத் தாமதமானதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கே அவன் கையால் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். அத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்த கொஞ்சலையெல்லாம் அம்மா ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

மறுநாள் காலையில் நானும் தம்பியும் பாறையில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் குனிந்தபடியே பேசினான்.

"நாளு தாண்டியும் சேதி வரலீன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க அக்கா. ரெண்டுல ஒண்ணு போயிருச்சுன்னு."

நான் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன்.

"படுத்துக்கிட்டே சாமியக் கேட்டேனுங்க. அவள மட்டும் எனக்கு உட்ருன்னு. புள்ளைய நீயே எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்."

தேடித் தேடி ஒன்றைச் சொன்னேன்.

"அது தப்பில்ல சாமி. நீ அப்பப் புள்ளையப் பாத்ததுகூட இல்லியே."

"இப்பப் பாத்துட்டேனே அக்கா."

உள்ளே பிள்ளை சிணுங்கியது. நான் எழுவதற்குள் அவன் ஓடினான்.